மாடிக்கா வீட்டில் பின்வாசல் இல்லை

"பிள்ளையைக் கொண்டாந்து விடத் தெரியுது. அதோட செருப்பை ஜோடியா விடத் தெரியலை."

மாடிக்கா தினமும் காலையில் இதைச் சொல்வார். மழையானாலும் சொல்வார், வெயிலானாலும் சொல்வார். கேட்ட பெற்றோர் யாரும் திருந்தியதில்லை, அவரும் நிறுத்தியதில்லை. கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் குனிந்து, குட்டிக் குட்டிச் செருப்புகளைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இன்னொரு தடவை சொல்வார். அதைக் கேட்க அப்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

தையல் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறினால் அவர் வீடு. மாடியில் இருப்பதால் மாடிக்கா. சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். கல்யாணமான புதிதில் கீழே அந்தத் தையல் கடையில்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் துணி கொடுக்க வந்த பெண், "அக்கா, பத்து நிமிஷம் இவனைப் பார்த்துக்கோங்க, இதோ வந்துடறேன்" என்று கைக்குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்தாள். மறுநாளும் அதையே சொன்னாள். அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியவில்லை என்பார் மாடிக்கா. அந்தக் கைக்குழந்தை இப்போது மீசை வைத்திருக்கிறது.

அவருடைய வீட்டுக்காரருக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. பகலில் உள்ளறையில் தூங்குவார். பிள்ளைகள் கத்தினால்தான் குறட்டை சீராக வரும். ஞாயிற்றுக்கிழமை வீடு அமைதியாக இருந்தால் எழுந்து உட்கார்ந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

இந்த மாடிக்காவிடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள். ஊரில் இருக்கிற மற்ற வழிகளை எல்லாம் முயன்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். சின்னதாக இருந்தாலும் காரமாக இருந்ததால் வீட்டில் மிளகு என்று கூப்பிட்டார்கள். புருஷன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும், அதனால் அவனை நம்பி எதையும் திட்டமிட முடியாது. கடை முதலாளி, ஒன்றாம் தேதிக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"கண்டவங்க வீட்ல, கண்டவங்க பிள்ளையோட விடறதுக்கா பெத்தே?" என்றாள் நாத்தனார். "வீட்டுக்கு ஆள் வை."

முதலில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் வந்தாள். மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்வாள். மிளகுக்கு அவளை ரொம்பப் பிடித்தது. ஆனால் அவளுக்கு எந்நேரமும் பரீட்சை. அந்தக் கல்லூரியில் பாடம் எப்போது நடத்துகிறார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அப்புறம் ஆயாம்மா வந்தார். காலையில் வீட்டுக்கு வந்து சாயங்காலம் போவார். நகம் ஒட்ட வெட்டியிருப்பார். பால் டம்ளரை வெந்நீரில் போடாமல் தொட மாட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரிடம் ஒரு வித்தையும் இருந்தது.

"அழ விடக்கூடாதும்மா. நான் பொம்மையைக் காட்டறேன், நீங்க பின்வாசல் வழியா நைசா போயிடுங்க."

வித்தை பலித்தது. மிளகு அழவே இல்லை. "இப்படி ஒரு சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததில்லை" என்றார் ஆயாம்மா.

சமத்துப் பிள்ளை அழுவதற்குப் பதிலாகக் காவல் காக்க ஆரம்பித்தது. அம்மா குளிக்கப் போனால் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. பொம்மையைக் காட்டினால் பொம்மையைப் பார்க்காமல் பின்வாசலைப் பார்த்தது. அதற்குப் பிறகு அம்மாவின் செருப்பில் ஒன்று காணாமல் போகத் தொடங்கியது. ஒருநாள் வாஷிங் மெஷினுக்குள் கிடந்தது. ஒருநாள் தலையணை உறைக்குள். ஒருநாள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கறுப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்று மாட்டிக்கொண்டு அவள் கடைக்கு ஓடினாள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் காலைப் பார்த்தார்.

"நாம பார்வை டெஸ்ட் பண்ற கடை வெச்சிருக்கோம்மா. நீ இப்படி வந்தா யார் நம்புவா?" என்றார். "இன்னொரு தடவை லேட்டானா வீட்லயே இருந்துக்கோ."

அன்று சாயங்காலமே அவள் மிளகைத் தூக்கிக்கொண்டு மாடிக்கா வீட்டுப் படி ஏறினாள். உள்ளே சோப்பு வாசனையும் மூத்திர வாசனையும் சம பங்கு. ஒரு பிள்ளை வாளியைக் கவிழ்த்து அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று தரையில் விழுந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 'கண்டவங்க பிள்ளை' என்று நாத்தனார் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

பிள்ளை என்ன சாப்பிடும், எப்போது தூங்கும் என்றெல்லாம் மாடிக்கா கேட்கவில்லை.

"வேலைக்குப் போறப்ப இவகிட்ட சொல்லிட்டுப் போவியா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னா அழுவாளேக்கா."

"அழட்டும். வாய் இருக்கு, அழுவா. என் வீட்ல பின்வாசல் கிடையாது. இங்கேயே நின்னு, மூஞ்சியைப் பார்த்து, போயிட்டு வரேன்னு சொல்லணும். எப்ப வருவேன்னும் சொல்லணும். சொன்னா வரணும்."

"அவளுக்கு மணி பார்க்கத் தெரியாதேக்கா."

"பால் குடிக்கத் தெரியுமில்ல? தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வருவேன்னு சொல்லு."

மறுநாள் காலை அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மிளகு வாளிப் பக்கம் திரும்பியதும் கால் தானாகப் படி இறங்கிவிட்டது. பழக்கம். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது.

"எங்க இருக்கே?"

"பஸ் ஸ்டாப்லக்கா."

"வாசல்ல உன் செருப்பைக் காணோம். திரும்பி வா."

"அக்கா, பஸ் வந்துடுச்சு. லேட்டானா வேலை போயிடும்."

"உன் பொண்ணு படியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இன்னைக்குச் சொல்லாம போனேன்னா நாளைக்கு இவளைக் கூட்டிட்டு வராதே. நான் பார்த்துக்க மாட்டேன்."

பஸ் நின்றது. கதவு திறந்தது. ஏறலாமா வேண்டாமா என்று அவள் ஒரு காலைத் தூக்கிக்கூட வைத்தாள், திரும்ப இறக்கிக்கொண்டாள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். பஸ் போனது.

படி ஏறி வந்து, மிளகின் முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்டி தங்கம். நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் வந்துடுவேன்."

மிளகு வாயைத் திறந்தது. கீழே தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்தினார். மற்ற பிள்ளைகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலேயே சேர்ந்து அழுதன. உள்ளறையில் குறட்டை இன்னும் ஆழமாக வந்தது.

"சரி, இப்பப் போ" என்றார் மாடிக்கா. "இனிமே என் பாடு."

பஸ்ஸில் வழி நெடுக அவளும் அழுதாள். கடையில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். இரண்டு செருப்பும் ஒரே நிறம்.

"ஒண்ணாவது சரியா இருக்கு" என்றார். "உள்ள போ. இதான் கடைசி."

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில், எந்த பிரேமும் பிடிக்காத ஒரு மனிதர் வந்து மாட்டிக்கொண்டார். ஏழெட்டு மாட்டிப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை. சொன்னால் வர வேண்டும். அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "நல்லாப் பாருங்க சார், அவசரமே இல்லை" என்று சொல்லிவிட்டு, கூட வேலை செய்கிறவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு ஓடினாள்.

மிளகு பால் மீசையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. மிச்சமிருந்த பாலைக் குடித்து முடித்தது. அப்புறம்தான் எழுந்தது.

அழுகை உடனே நிற்கவில்லை. மறுநாளும் தெருவுக்கே கேட்டது. அப்புறம் தையல் கடைவரைக்கும் கேட்டது. அப்புறம் வாசலோடு நின்றது. ஒரு காலையில் அவள் பழக்கத்தில் வாஷிங் மெஷினைத் திறந்து செருப்பைத் தேடினாள். இல்லை. தலையணை உறையில் இல்லை. வாசலுக்கு வந்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இடம் வலம் மாறி, நுனி தெருவைப் பார்த்து இருந்தன. பக்கத்தில் மிளகு தன் செருப்பை மாட்டிக்கொண்டு, என்ன இவ்வளவு நேரம் என்பது போல நின்றது.

நாத்தனார் போனில் கேட்டாள். "இன்னுமா அந்த மாடி வீட்ல விடறே? பிள்ளை அழலையா?"

"அழுதா, அண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்திட்டா."

ஆயாம்மா இப்போது வேறொரு வீட்டில் பச்சைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். பச்சைக்குழந்தைக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதுவும் உண்மை. கல்லூரிப் பெண்ணுக்குப் பரீட்சை நடக்கிறது.

வீட்டுக்கு ஆள் வைப்பதா, மணிக்கணக்குக்குக் கூப்பிடுவதா, யார் வீட்டிலாவது கொண்டுபோய் விடுவதா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் ஒருநாள் காலையில் தையல் கடைக்கு மேலே போய் மாடிக்காவைப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அவர் முதலில் உங்களைத்தான் எடை போடுவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் செருப்பை ஜோடியாக விடுங்கள். விட்டாலும் அவர் சொல்வதைச் சொல்லத்தான் செய்வார். நின்று கேட்டுவிட்டு, பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.