குகையில் கண்ட சாம்பல்

கரும்பு வெட்ட வந்த தமிழர்கள் தங்கிவிட்ட எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம். என் தம்பிகள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். நான் சிங்கடோகா மலைக் குகையில் மண் தோண்டப் போனேன். வேலை கொடுத்தவர் மெட்ராஸிலிருந்து வந்த ஆராய்ச்சி அம்மா. ஐரோப்பாவில் நியாண்டர்தால் மனிதர் வாழ்ந்த குகைகளைத் தோண்டியவர். ஒல்லி உடம்பு, முழங்காலெல்லாம் காய்ப்பு. கிடைத்த துண்டு எலும்பா கல்லா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். எலும்பு என்றால் ஒட்டுமாம்.

கலவரத்தால் அவரை ஊர் திரும்பச் சொல்லிவிட்டார்கள். அவர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது கறுப்பு மண் தெரிந்தது.

"அண்ணே, அடுப்பு! இந்தத் தீவுக்கு முதல்ல வந்த ஆளுங்க சமைச்ச இடம்!" என்றார். இதற்காகத்தான் இரண்டு மாதம் தோண்டினோம்.

சொல்ல மனமில்லை. ஆனாலும் சொன்னேன். "அடுப்பு இல்லம்மா. வெளிய எரிஞ்ச புல்லுச் சாம்பல, மழைத்தண்ணி உள்ள கொண்டாந்துருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா வெட்டுக்கு முன்னாடி கரும்புத் தோட்டம் கொளுத்துறேன். அடுப்புன்னா அடிமண்ணு சிவந்திருக்கும்."

அவர் கீழே சுரண்டிப் பார்த்தார். மண் மஞ்சளாகவே இருந்தது.

"ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லக் கூடாதாண்ணே!" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. நோட்டில் அடுப்பு என்று எழுதியதை அடித்தார். அது அடுப்பில்லை என்று கண்டவர் இவர் என, என் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினார்.

தன் உழைப்பு வீண் என்று சொன்னவன் பெயரை அவ்வளவு அழகாக எழுத அவருக்கு எப்படி மனம் வந்ததோ, தெரியவில்லை.