சாகும் காட்சியின் நான்காவது டேக்

அப்பா ஏழு வருடம் ஒரு நிஞ்ஜாவுக்குக் குரல் கொடுத்தார். போன மாதம் இறந்தார்.

தமிழில் டப்பிங் செய்த கார்ட்டூன் தொடரில் வரும் அந்த நிஞ்ஜாவுக்குத் தொந்தி உண்டு. சண்டை உச்சத்தில் இருக்கும்போது சூரியனை அண்ணாந்து பார்த்துவிட்டு எதிரியிடம், "சீக்கிரம் வெட்டுடா, பள்ளிக்கூடம் விடுற நேரமாச்சு, பொண்ணைக் கூட்டிட்டு வரணும்" என்பான். மூலத்தில் அந்த இடத்தில் வெறும் உறுமல்தான். வசனம் அப்பா சேர்த்தது. அம்மா இறந்தபிறகு தினமும் ரெக்கார்டிங்கிலிருந்து பாதியில் ஓடிவந்து என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனவர் அவர்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மறுநாள் வசனத்துக்கு வாயசைவு எண்ணுவார். "வாய் பதினோரு தடவை அசையுது, வசனம் ஏழுக்குத்தான் இருக்கு. மிச்சம் நாலுல உன்னைத் திட்டிக்கிறேன், சுண்டெலி." என் செல்லப்பெயர் அப்படித்தான் நிஞ்ஜாவின் மகளுக்கும் போனது. கல்லூரியில் இது தெரிந்ததும் வகுப்பே என்னைச் சுண்டெலி என்று கூப்பிட்டது. கோபப்படுவதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் பெருமை.

ஏழாம் வருடம் குரல் கம்மத் தொடங்கியது. மிளகு, வெந்நீர், ஆவி, எதற்கும் அசையவில்லை. இயக்குநருக்கோ ஒரே சந்தோஷம்.

"அண்ணே, இந்தக் கரகரப்பை எங்க புடிச்சீங்க? சாகப்போறவன் குரல்னா இதுதான். அப்படியே வச்சுக்கோங்க."

"வச்சுக்கிறேன் தம்பி. அது எங்கயும் போறதா இல்ல."

நிஞ்ஜா சாக இன்னும் பதினோரு பாகங்கள் இருந்தன. வீட்டில் நானும், "எப்படிப்பா இப்படிப் பேசுற?" என்று வியந்தேன். தொழில் ரகசியம் என்று கண்ணடித்தார்.

தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த வாரமே ஆபரேஷனுக்கு வந்து படுங்க. இப்பன்னா பாதிக் குரலாவது மிஞ்சும். தள்ளிப்போட்டா எதுவும் சொல்றதுக்கில்ல."

அன்று மாலை அப்பா பாத்திரம் கழுவாமல் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் போய்ப் படுத்துட்டா வேற ஒருத்தன் வந்து என் சாவைச் சாவான். பதினோரு பாகம், ஆறு வாரம். நீ என்ன சொல்ற, சுண்டெலி?"

எனக்கு இருபது வயது. கடைசி பாகத்துக்காக வகுப்பே காத்திருந்தது.

"ஆறு வாரம்தானேப்பா. முடிச்சிட்டே போயிடேன்."

அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என் தலையில் தட்டினார். "நீதிபதி சொல்லிட்டாங்க. அப்பீல் கிடையாது." எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினார்.

ரெக்கார்டிங் அறையில் மின்விசிறி கிடையாது. அதன் சத்தமும் பதிவாகிவிடும். சுவரெல்லாம் கம்பளம். பனியனோடு நின்று பேசுவார்கள். கத்தல்களை எப்போதும் கடைசியில்தான் எடுப்பார்கள். முதலில் கத்தினால் வசனத்துக்குத் தொண்டை இருக்காது. நிஞ்ஜா சாகும் நாளில் நானும் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். திரையில் நிஞ்ஜாவின் மகள் பின்வழியாகத் தப்பிக்கிறாள். அவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். ஈட்டி இறங்கும்போது அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும்.

முதல் டேக்கில் காகிதம் சலசலத்தது. இரண்டாவதற்கு இயக்குநர், "இன்னும் கொஞ்சம் வலி வேணும்ணே" என்றார். மூன்றாவதில் இருமல். நான்காவதில் "சுண்டெலி" என்று அப்பா கத்தினார். இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கைக்குட்டையால் வாயைத் துடைத்து, அதைப் பார்க்காமலே நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். துணி சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். "ஆறு வாரம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர், என்னைப் பார்த்து. கழுத்தில் இருந்த ஓட்டை வழியாக அப்பா மூச்சு விட்டார். எழுதி அழிக்கும் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் முதலில் எழுதியது: "இனிமே வாய்ச்சண்டைல நீதான் ஜெயிப்ப."

நான்கு மாதம் கழித்து அந்தப் பாகம் மாலை ஆறு மணிக்கு ஒளிபரப்பானது. அப்பா சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் நிஞ்ஜா வாசலுக்கு வந்தான். திரும்பிப் பார்த்தான். கதவு மூடியது. வெறும் கதவு, பின்னால் புல்லாங்குழல். அடுத்த காட்சியில் மகள் மலையேறிக்கொண்டிருந்தாள்.

ஈட்டி இல்லை. கத்தல் இல்லை.

இயக்குநருக்குப் போன் செய்தேன். "மேலேருந்து வெட்டச் சொல்லிட்டாங்கம்மா. குழந்தைங்க பயந்துடுமாம்."

"அந்தச் சத்தத்தையாவது எனக்குக் கொடுங்க சார்."

"வெட்டினதை வச்சுக்கிறதில்லம்மா, அழிச்சிடுவோம்." கொஞ்சம் தயங்கினார். "அண்ணன்கிட்ட குடு, நான் பேசிடறேன்."

போனை அப்பாவின் காதில் வைத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே? அண்ணே, லைன்ல இருக்கீங்களா? கோபமாண்ணே?" என்று அந்தக் குரல் எனக்கே கேட்டது. பிறகு அதற்கும் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று தொடர்பு அறுந்தது.

அப்பா பலகையை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

"இந்தக் காட்சின்னா இப்பக்கூட பண்ணிடுவேன்னு சொல்லு. ஒரே டேக்."

நான் சிரிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.