அமீர் ஜானின் பன்னிரண்டு விமானங்கள்

அமீர் ஜான் தன் ஆயுளில் ஒரு விமானத்தையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஏற்காட்டுக்கு மேலே எங்கோ உயரத்தில் கோடு கிழித்துக்கொண்டு போவதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் எந்த விமானத்துக்கு மூவண்ண வட்டம் எங்கே வரும், வாலில் எண்களை எந்தச் சாய்வில் எழுத வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்பர் பிளேட்டும் கடை போர்டும் எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் கோவிந்தராஜ். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, நாகலூரில் வீடு கட்டிக்கொண்டு, சில்வர் ஓக் கட்டையில் முழ நீள விமானங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தவர். செதுக்குவதில் அவர் மன்னன். பிரஷ்ஷைப் பிடித்தால் மட்டும் எல்லாம் கெட்டுப்போகும். அதனால் வர்ணம் முழுக்க அமீர் ஜானின் பொறுப்பானது.

முதலில் கட்டையின் நுண்துளைகளை அடைக்க சீலர் பூச்சு. காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்ப்பு. மரத்தின் ரேகை கண்ணில் பட்டால் அது பொம்மை, படாவிட்டால்தான் விமானம் என்பார் கோவிந்தராஜ். பிறகு அலுமினியப் பெயின்ட். தகடும் தகடும் சேருகிற கோடுகளைக் கூர்சீவிய பென்சிலால் போட்டு, விரலால் லேசாகத் தேய்த்துவிடுவார் அமீர். விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குக் கருநீலம். அதன்மேல் மூன்று முடி மட்டும் விட்ட பிரஷ்ஷால் ஒரு வெள்ளைக் கீற்று இழுப்பார். பார்க்கிறவன் கண்ணாடி என்றே நம்பிவிடுவான். கடைசியாக எல்லாவற்றுக்கும் மேல் பளபளப்புக்காக லாக்கர் என்கிற நிறமில்லாத பூச்சு. அதை இளக்க நெடியடிக்கும் தின்னர் கலந்து, கொசு மருந்து அடிக்கிற கைப்பம்ப்பில் ஊற்றி அடிப்பார்.

அங்கேதான் ஏற்காடு காலை வாரும். மேகம் இறங்கியிருக்கும்போது லாக்கர் அடித்தால், காய்வதற்குள் ஈரம் புகுந்து பால் கொட்டியதுபோல் பூத்துவிடும். பூத்ததைத் துடைக்க முடியாது, தேய்த்தெடுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இதற்கு அமீர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒற்றை அறை வீட்டில் அடுப்பை நன்றாக எரியவிட்டு, சுவர் சூடேறியதும் தணலை ஒன்று விடாமல் வாரி வாசலில் கொட்டி, கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு அடிப்பார். அரை மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் அத்தனையும் வெளுத்துவிடும்.

எட்டு வருஷம் அப்படி அடித்தார். அந்த எட்டு வருஷமும் அவர் மனைவி ஜரீனா அதே அறையில்தான் சமைத்தாள், படுத்தாள். முதலில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு. எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் டாக்டரம்மா அவள் நெஞ்சில் வைத்த குழாயை எடுக்காமலே சொல்லிவிட்டார்: "இந்த வாடை இனிமேல் வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் இந்த மூச்சு தாங்காது." அன்றைக்கே அமீர் டப்பாக்களைத் தூக்கி வெளியே ஒரு தார்ப்பாய்க்கடியில் வைத்தார். இனி வீட்டுக்குள் அடிப்பதில்லை என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார். எட்டு வருஷமாக என் கையாலேயே இவள் நெஞ்சில் நஞ்சு அடித்திருக்கிறேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அதே மாதம் பார்த்து பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தது. ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் வெள்ளி விழாவுக்கு, கார்த்திகை முடிவதற்குள், பன்னிரண்டு விமானங்கள். ஒவ்வொன்றும் அவர்களிடம் உள்ள ஒவ்வொரு விமானத்தின் நிறத்தோடும் எண்ணோடும் இருக்க வேண்டும். அமீர் நிறம், கோடு, எண் எல்லாம் முடித்துவிட்டார். லாக்கர் மட்டும் பாக்கி. கார்த்திகை மேகமோ பத்து நாளாக மலையை விட்டு எழுந்திருக்கவேயில்லை.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சின்னையனிடம் போய், காப்பி உலர்த்தும் கொட்டகையில் ஒரே ஒரு நாள் இடம் கேட்டார்.

"காப்பிக்கொட்டை எந்த வாடையையும் இழுத்துக்குமுங்க பாய். ஒரு மூட்டை நாறுச்சுன்னாலும் என் வேலை போயிருமுங்க."

பேக்கரி வைத்திருந்த நூர் முகமது உறவுக்காரர்தான். அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். "அடுப்புப் பக்கத்துல தின்னரா? ஆள விடு சாமி."

தார்ப்பாய்க்கு அடியிலேயே இரண்டை அடித்துப் பார்த்தார். பூத்தது. தேய்த்து மறுபடி அடித்தார். மறுபடி பூத்தது. மூன்றாம் முறையும் பூத்தபோது அந்த மனிதர் மழையில் உட்கார்ந்து குழந்தைமாதிரி அழுதார். ஜரீனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே அடிங்க. நான் ரெண்டு நாள் பக்கத்து மாதம்மாக்கா ஊட்டுல இருந்துக்கறேன்."

"வாடை செவத்துல மாசக்கணக்குல நிக்கும் புள்ள. அப்பறம் நீ எங்க போவ?"

"என் சீக்கு உங்க தொழில் மேல ஏறி உக்காந்துக்கிச்சுன்னு கொழாயடியில பேசறாங்க. எனக்கு நொம்ப அவமானமா இருக்குதுங்க."

"பேசறவங்க பேசட்டும். நீ மூச்ச விடு, அது போதும் எனக்கு."

மறுநாள் காலை பஸ்ஸைப் பிடித்து நாகலூர் போனார், தன்னால் முடியாது என்று சொல்லிவிட. கோவிந்தராஜ் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். பிறகு, "பெங்களூருக்குத் தந்தி குடுத்துக்கறேன் பாய். நீங்க உங்க ஊட்டம்மாவப் பாருங்க," என்றார். இவ்வளவு சுலபமாகத் தலைச்சுமை இறங்கும் என்று அமீர் எதிர்பார்க்கவில்லை. ஜரீனாவுக்குப் பிடிக்குமே என்று அரை டஜன் கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஒரு மணி பஸ்ஸில் திரும்பினார்.

வாசலில் தணல் கொட்டிக் கிடந்தது. தூறலில் புகைந்துகொண்டிருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் டப்பா இல்லை, பம்ப் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"ஜரீனா! கதவத் தொற!"

உள்ளேயிருந்து இழுப்புச் சத்தம் வந்தது. அதற்கு நடுவே குரல். "இன்னும்... பத்து நிமிசமுங்க."

"தொற புள்ள! தந்தி குடுக்கச் சொல்லிட்டேன், எதுவும் வேண்டாம்! தொற!"

"தொறந்தா... பூத்துருமுங்க."

தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அமீர் தோளால் இடித்தார். அடுத்த வீட்டு மாதம்மாள் கடப்பாரையோடு ஓடிவந்தாள். இருவருமாகக் கதவைப் பெயர்ப்பதற்குள் அந்தப் பத்து நிமிஷமும் போய்விட்டது. மூக்கில் கட்டிய ஈரத்துணியோடு ஜரீனா கதவோரம் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. எட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் ஒரு வேலையும் தப்பவிடவில்லை, பூத்துக் கிடந்த இரண்டைக்கூடத் தேய்த்தெடுத்து அடித்திருந்தாள். விட்டத்திலிருந்து கயிற்றில் பன்னிரண்டு விமானங்கள் தொங்கின. அமீர் அவற்றின் பக்கம் திரும்பவேயில்லை.

எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினார்கள். அவர் மடியில் தலை வைத்திருந்தவள் பாதி மலை இறங்கியதும் கண்ணைத் திறந்தாள்.

"பூத்துச்சுங்களா?"

"இல்ல புள்ள. ஒண்ணுகூடப் பூக்கல," என்றார், பார்க்காமலே.

அவள் தலையை ஆட்டினாள். அடிவாரம் வருவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அவர், சுகப்பட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டு அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் கோவிந்தராஜ் வந்தார். தந்தி கொடுக்க அவருக்கு மனம் வந்திருக்கவில்லை. அவரே விமானங்களை அவிழ்த்துப் பஞ்சில் சுற்றி எடுத்துப்போனார். அமீர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. கோவிந்தராஜ் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பன்னிரண்டில் ஒன்றில்கூடக் குறை சொல்ல இடமில்லை. கடைசிப் பூச்சு கண்ணாடியாக இருக்கிறது. சித்திரைக்குள் இன்னும் இருபத்தைந்து வேண்டும். பூச்சு மட்டும் இதே கையால் போட்டதாக இருக்க வேண்டும். அத்தோடு கோவிந்தராஜ் காகிதத்தை மடித்தார்.

"என்ன பதில் எழுதட்டும் பாய்?"

"ஆள் இல்லீன்னு எழுதிருங்க சார்," என்றார் அமீர் ஜான்.