‘பதினைந்து வருஷம் ஆகவில்லை’ என்ற பொய்

பிரியமான சகோதர சகோதரிகளே, சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு நிற்பார்கள். நான் கோபத்தோடு நிற்கிறேன், மன்னியுங்கள். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லவேண்டுமானால், மனுஷர் செய்த அநியாயத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் பெயர் ஜெயமணி. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமம். என் கணவர் தங்கராஜ் ராணுவத்தில் லாரி ஓட்டினார். 1991 ஆகஸ்ட் மாதம் அஸ்ஸாமில் மலேரியா முற்றி, ராணுவ ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். தந்தி வந்தது. உடல் வரவில்லை. சில வாரம் கழித்து அவருடைய டிரங்குப்பெட்டி மட்டும் வந்தது. அதில் மடித்த சட்டைகளுக்கு நடுவே எங்கள் மகள் பியூலாவுக்கு வாங்கிய கம்பளித் தொப்பி இருந்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபிறகு, பென்ஷன் கேட்டுத் திருநெல்வேலியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எத்தன வருஷம் சர்வீஸ்?”

“பதினோரு வருஷம் சார்.”

“பதினஞ்சு வருஷம் ஆவணும்மா. ஆவல. பென்ஷன் கெடையாது, போங்க.”

நம்பினேன். மேஜைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர் சொன்னால் சட்டம்தானே என்று நம்பினேன். பீடி சுற்றினேன். நாலு வருஷத்தில் இன்னும் மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே பதில். கடைசி முறை, “ஒங்களுக்காவ அரசாங்கம் சட்டத்த மாத்துமா?” என்று சிரித்தார். அறையிலிருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

சபையில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். “கர்த்தருடைய சித்தம், பொறுத்துக்கோ” என்றார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஒருவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டதை ஏன் கர்த்தர் தலையில் போடவேண்டும்?

1995 மழைக்காலத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து பீடி சுற்ற முடியவில்லை. கொழுந்தனார் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். “மதினி, பியூலாவ ஆஸ்டல்ல சேத்திருவோம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அவுங்களே பாத்துக்கிடுவாவ” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் மூன்று பிள்ளைகள். ஆனால் அந்தத் தாளில் ‘ஆதரவற்ற குழந்தை’ என்று அச்சடித்திருந்தது. ராணுவத்தில் உயிரைவிட்டவன் மகள், ஆதரவற்ற குழந்தை! அதோடு, எனக்குப் பென்ஷன் வரவில்லை என்று அதே அலுவலகத்தில் சான்று வாங்கிவர வேண்டுமாம்.

புறப்பட்ட அன்று காலை முழங்காலில் நின்றேன். அழகான ஜெபம் இல்லை அது. “ஆண்டவரே, என் பிள்ளையை நான் விடவேண்டும் என்றால் நீரே சொல்லும். அந்த எழுத்தர் வாயால் இனிக் கேட்கமாட்டேன்” என்றேன். சண்டை போடுவதுபோலத்தான் சொன்னேன். ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து பஸ் ஏறினேன்.

எழுத்தரிடம் சான்று கேட்டேன். “பதினஞ்சு வருஷம் முடிக்காம செத்தவருக்குப் பென்ஷன் இல்லன்னு எழுதித் தாரேன், இரிங்க” என்றார்.

எனக்குப் பின்னால் பெஞ்சியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சாத்தான்குளத்துக்காரர், பெயர் செண்பகவல்லி. மகளின் படிப்புக்கு ஏதோ கையெழுத்து வாங்க வந்தவர். சடாரென்று எழுந்தார்.

“என்ன சார் சொல்லுதீரு? எங்க வீட்டுக்காரரு மூணு வருஷந்தான் பட்டாளத்துல இருந்தாரு. எனக்கு மாசாமாசம் வருதே! அது எப்படி வருது?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “ஏக்கா, ஒங்க வீட்டுக்காரரு வேலைய விட்டுட்டு வந்து எறந்தாரா, இல்ல வேலையில இருக்கும்போதே எறந்தாரா?”

“வேலையில இருக்கும்போதேதான்.”

“பெறகென்ன? பதினஞ்சு வருஷமெல்லாம் உசுரோட திரும்பி வாறவுகளுக்குக்கா! வேலையிலயே செத்தா பொண்டாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. அதுக்கு இந்தக் கணக்கே கெடையாது!”

சத்தம் கேட்டு உள்ளே இருந்த அதிகாரி வெளியே வந்தார். விசாரித்தார். என் கணவருடைய கோப்பை எடுக்கச் சொன்னார். தூசி தட்டித் திறந்தால், மேலேயே அவருடைய ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். மனைவி ஜெயமணியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவும் என்று எழுதி, பென்ஷன் படிவமும் இணைத்திருந்தார்கள். வந்துசேர்ந்த முத்திரை 1991-ஆம் வருஷத்தது. நாலு வருஷம்! நான் நின்று கெஞ்சிய மேஜைக்குப் பின்னால், பீரோவுக்குள் என் பெயர் கிடந்திருக்கிறது.

நான் அழவில்லை. எழுத்தரைப் பார்த்து, “என் பிள்ளைய அநாதைன்னு எழுத வச்சிட்டீரே சார்” என்று மட்டும் கேட்டேன். அவர் தலை குனிந்தது. அந்தக் குனிந்த தலை எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.

அதிகாரி அன்றைக்கே படிவத்தை நிரப்ப வைத்தார். சபைக் கல்யாணப் பதிவேட்டின் நகல், இறப்புச் சான்று, என் போட்டோ, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து எல்லாம் சேர்த்து அனுப்பினோம். அடுத்த வருஷம் பங்குனியில் உத்தரவு வந்தது. அவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஆஸ்டல் விண்ணப்பத்தை அடுப்பில் போட்டேன். பியூலா என்னோடுதான் இருக்கிறாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

செண்பகவல்லி அம்மா வேறு சாமி கும்பிடுகிறவர். அன்று காலை நான் ஜெபித்ததை அவரிடம் சொன்னேன். “ஒங்க ஜெபத்துக்கு நான்தானா கெடச்சேன்?” என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம், அவரைத்தான் கர்த்தர் அனுப்பினார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவருக்கு நன்றி சொல்லாமல் கர்த்தருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வராது.

முன்பெல்லாம் பயந்து பயந்து ஜெபம் பண்ணுவேன். இப்போது உள்ளதை உள்ளபடி கேட்கிறேன். கேட்டுவிட்டு எழுந்தும் போகிறேன். மாதம் ஒருமுறை, பென்ஷன் வராத பெண்கள் யாரையாவது அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். இதுவரை மூன்று பேருக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஒருத்தி எட்டு வருஷம் சும்மா இருந்தவள்.

இந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருத்தி இருக்கலாம். தங்கச்சி, உன் கண்ணீரைக் கர்த்தர் பார்க்கிறார், நம்பு. “உனக்கு இல்லை” என்று ஒருவர் வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல். ஆராதனை முடிந்ததும் நான் வாசல் பக்கம் நிற்பேன். உன் கணவருடைய ராணுவ எண் எழுதிய காகிதம் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வா. திங்கட்கிழமை சேர்ந்தே போவோம்.