கொடியில் ஏழு வீட்டுத் துணி

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் எட்டு வீடு. ஏழு வீட்டுக்காரர்களும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எட்டாவது வீட்டில் வீட்டோடு இருந்து தைப்பவள்தான் தையலக்கா. பகலில் ஆள் இருக்கிற வீடு அது ஒன்றுதான் என்பதால், மழை வந்தால் பின்முற்றத்துக் கொடியில் காயும் அத்தனை பேர் துணியையும் எடுத்து, மடித்து, அவரவர் வாசலில் வைக்கும் வேலை எப்படியோ அவள் தலையில் வந்து விழுந்திருந்தது. யாரும் கேட்கவும் இல்லை, அவள் சரி என்று சொல்லவும் இல்லை. ஒன்பது வருஷமாக நடக்கிறது. போகிற போக்கில் அறுந்த பொத்தானையும் தைத்து வைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் நேற்று சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "படிச்சுப் பாருங்கம்மா. நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றேன், எல்லாரையும் வெச்சுப் பேசி முடிவு பண்ணிடலாம்." ராத்திரியில் தையல் மிஷின் சத்தம் தாங்க முடியவில்லையாம். ஒன்று மிஷின் போக வேண்டுமாம், இல்லாவிட்டால் அவள் போக வேண்டுமாம். கீழே ஏழு வீட்டுக் கையெழுத்து. ஏழும் பச்சை மை.

அந்தப் பச்சை மையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு நர்ஸ் வந்து, "அக்கா, ஒரு பேனா இருந்தா குடுங்களேன்" என்று வாங்கிப் போனாளே, அது இவள் அளவு குறிக்கிற பேனா. இன்னும் திரும்பி வரவில்லை. 'என் பேனாவ வாங்கி என் சீட்டையே கிழிச்சிருக்காங்க' என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். புருஷன் விட்டுப் போன பிறகு சோறு போட்டது அந்த மிஷின். மகளை வெளியூர்க் கல்லூரியில் படிக்க வைப்பதும் அதுதான். அது போனால் அவளுக்குக் கை போன மாதிரி.

காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. குளிர்காலம் பூராவும் அறைக்குள்ளேயே காய்ந்த துணியெல்லாம் வெளியே வந்து கொடி நிறைந்துவிட்டது. வசந்த கால வெயிலை நம்புகிற ஏமாளிகள் எந்த ஊரிலும் உண்டு.

பத்து மணிக்கு முதல் மழை. பழக்க தோஷத்தில் இரண்டு படி இறங்கிவிட்டவள், சட்டென்று நின்று, திரும்பி வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். "நனையட்டும். நல்லா நனையட்டும்." அரைமணி நேரத்தில் மழை ஓய்ந்தது. வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் துணி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. நனைந்த சுவடே இல்லை. ஒரு மணிக்கு மறுபடி கொட்டியது. மூன்று மணிக்கு மறுபடி காய்ந்தது. ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "நீயும் அவங்களோட சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டியா?"

நாலு மணிக்கு வந்த மேகம் வேறு மாதிரி. கருகருவென்று, ஊதல் காற்றோடு வந்தது. இந்த மழையில் நனைந்தால் இன்றைக்குக் காயாது. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது, திருப்தியாகவும் இருந்தது. நர்ஸின் வெள்ளை உடுப்பு, பஸ் டிரைவரின் காக்கிச் சட்டை, போர்வைகள். கொடியின் கடைசியில் எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் துணிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு ஒரு வாரமாகச் சளி. ராத்திரியெல்லாம் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

"சே, என்ன ஜென்மமோ நான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். டிரைவரின் சட்டைக்கை பறந்து வந்து முகத்தில் அடித்தது. தள்ளிவிட்டாள். குழந்தைத் துணியை மட்டும் உருவிக்கொண்டு வந்து, மடித்து, எதிர்வீட்டு வாசலில் வைத்தாள். மற்றது எல்லாம் அவள் கண்ணெதிரே நனைந்தது.

ஐந்து மணிக்கு மாடிப்படியில் எல்லாரும் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு சொட்டுகிற மூட்டையோடு. சொந்தக்காரரும் வந்துவிட்டார்.

"அக்கா, உடம்பு சரியில்லையா? எல்லாம் தொப்பலா நனைஞ்சு கிடக்கே" என்றாள் நர்ஸ்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்லதான் இருந்தேன்."

டிரைவர் எதிர்வீட்டுக்காரியின் கையில் இருந்த குழந்தைத் துணியைப் பார்த்தார். "அப்ப இது மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?"

"குழந்தை கையெழுத்துப் போடலையே" என்றாள் தையலக்கா.

போர்வையிலிருந்து தண்ணீர் படியில் சொட்டியது. அவள் கடிதத்தை நீட்டினாள். "எட்டு மணிக்கு மேல ஓட்டாதேன்னு கதவத் தட்டிச் சொன்னா நான் கேக்க மாட்டேனா? ஒம்பது வருஷமா உங்க உள்பாவாடை வரைக்கும் மடிச்சு வெச்சேன். ஒருத்தருக்கும் வாய் வரல. கைதான் வந்துச்சு."

எதிர்வீட்டுக்காரி கடிதத்தை வாங்கினாள். "யார்கிட்டயாவது பேனா இருக்கா?"

யாரிடமும் இல்லை. கடைசியில் நர்ஸ் தலையைக் குனிந்தபடி கைப்பையைத் திறந்து பச்சைப் பேனாவை எடுத்தாள். எதிர்வீட்டுக்காரி தன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தாள். கடிதம் கைமாறிக் கைமாறிப் போனது. டிரைவரும் இன்னொருவரும் அடிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் அடித்தார்கள். "ரெண்டு பேருக்காக நான் யாரையும் கிளப்ப முடியாது. எட்டு மணிக்கு மேல மட்டும் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் இறங்கிப் போனார்.

"அக்கா, உங்க பேனா" என்று நர்ஸ் நீட்டினாள். "நாளைக்கும் மழையாம்."

தையலக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். "அப்படியா? அப்ப துணிய வீட்டுக்குள்ளயே காயப் போட்டுட்டுப் போங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எட்டு மணி வரை மிஷின் ஓடியது.