சுப்பராயலு சாரின் சிதம்பரம் டூட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்துச் சகாயசெல்விக்கு மருந்துக் கம்பெனியில் ரெகுலேட்டரி வேலை. அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டால், "கவர்மெண்டுலேர்ந்து ஆய்வுக்கு வர்றவங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். அதுக்குத்தான் சம்பளம்" என்பாள். எவ்வளவு என்று மட்டும் சொல்ல மாட்டாள். வைஸ் பிரசிடெண்ட் சுப்பராயலுவின் காருக்கும் டிரைவருக்கும் ஆகிற செலவைவிடக் குறைவு என்பதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

சுப்பராயலு அவளைப்போலப் பத்து மடங்கு வாங்குகிறவர். ஆய்வு நாட்களில் அவருக்கும் ஒரு வேலை உண்டு. கடலூரில் இல்லாமல் இருப்பது. முன்பொரு முறை ஆய்வாளரிடம் அவர் வாயைக் கொடுத்ததில் கம்பெனி லைசென்ஸ் அந்தரத்தில் தொங்கியது. அன்றிலிருந்து ஆய்வு வரப்போகிறது என்றாலே, "சார், சிதம்பரத்துல முக்கியமான மீட்டிங்" என்பாள் சகாயசெல்வி. அவரும் கிளம்பிவிடுவார். ஏ.சி. ரூம், நடராஜர் தரிசனம், இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். மீட்டிங்குக்கு ஒருவரும் வரவில்லையே என்று அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை.

இந்த ஏப்ரலிலாவது சம்பளம் கூட வேண்டும். இல்லையென்றால் ஓசூரில் கூப்பிடுகிற கம்பெனிக்குத்தான் போக வேண்டும். கணவன் டேனிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் மொபைல் கடை. அவன் நகர முடியாது. குடும்பம் இரண்டாகும். அதனால் நேராகப் போய்க் கேட்டாள்.

"சம்பளங்கிறது பொறுப்ப வச்சும்மா" என்றார் சுப்பராயலு, நாற்காலியில் சாய்ந்தபடி. "நாளைக்கு ஒண்ணுன்னா பதில் சொல்லப்போறது யாரு? நான்தான?"

"நீங்கதான் சார்."

அடுத்த ஆய்வுக்குச் சிதம்பரத்தில் மீட்டிங் எதுவும் இல்லை.

"அந்த மனுசன பேச வுட்டா கம்பெனிய இழுத்து மூடிருவாங்கடி" என்றான் டேனி.

"பத்து மடங்கு வாங்குறாரில்ல? பேசட்டும்."

ஆய்வாளர் ராஜாமணி அதிகம் பேசாத பெண்மணி. சுப்பராயலு அவரைக் கூட்டிக்கொண்டு உற்பத்திக் கூடத்துக்குள் கம்பீரமாக நடந்தார்.

"தரையப் பாருங்க மேடம், கண்ணாடி கணக்கா இருக்குது. நீங்க வரீங்கன்னு போன வாரம் பூரா கழுவுனோம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி யாரும் வரலியே மேடம்!"

ராஜாமணி பேனாவைத் திறந்தார். தரை தினமும் கழுவப்படுவதும், அதற்குப் பதிவு இருப்பதும் சுப்பராயலுவுக்குத் தெரியாது. அவர் அந்தப் பக்கம் வந்தால்தானே தெரியும்! பின்னால் வந்த சகாயசெல்வி பக்கம் திரும்பினார். "செல்வி, நீ சொல்லும்மா."

"பொறுப்பு உங்களுது சார்" என்றவள் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டாள்.

சற்று நேரத்தில் சேதி எட்டி, முதலாளி ஜோசப்ராஜ் போனில் பதறினார். "செல்வி, நீ போய்ப் பேசும்மா!"

"ஏப்ரல் வருது சார்."

"கூட்டிப் போட்டுர்றேன். முதல்ல உள்ள போ!"

போனாள். பதிவுகளைக் காட்டினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். சாயங்காலம் ராஜாமணி பேனாவை மூடினார்.

சொன்னபடி சம்பளம் கூடியது. ஓசூரும் ஒழிந்தது. சுப்பராயலுவுக்கும் கூடியது, நெருக்கடியில் நிறுவனத்தை வழிநடத்தியதற்காக. கூடிய தொகை மட்டும் அவளுடைய முழுச் சம்பளத்தைவிட ஜாஸ்தி.

அடுத்த ஆய்வுக்குத் தேதி வந்ததும் அவரே அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, சிதம்பரத்துல மீட்டிங் ஒண்ணும் இல்லியா?"

"இருக்குது சார்" என்றாள் சகாயசெல்வி. "உங்கள வுட்டா அதுக்கு வேற ஆளே கிடையாது."