பேரோ கிளையின் இருபதாவது ஆள்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூட்டிக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. இருபத்துமூன்று வருடம் திரைச்சீலைத் துணி அளந்து வெட்டியவள் நான். ஒரு அங்குலம் கூடினாலும் என் கைக்குத் தெரிந்துவிடும். அன்று மற்ற ஊழியர்கள் பதினெட்டுப் பேரோடு சேர்ந்து நான் கேட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் க்ளெண்டா. இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில், பேரோ ஊரில், ஓல்டன்ஷா கடையின் கிளையில் மேற்பார்வையாளராக இருந்தேன். அன்று டிசம்பர் இருபத்தொன்று, சனிக்கிழமை. கடையின் கடைசி நாள்.

கம்பெனி திவால். அது தானாக நொடித்துப்போகவில்லை. ஒரு பவுண்டு கொடுத்து வாங்கிய புது முதலாளி, கடைக் கட்டடங்களை ஒவ்வொன்றாக விற்றார். அந்தப் பணம் அவர் மனைவி பெயரில் இருந்த கம்பெனிக்குப் போனது. பிறகு வியாபாரம் சரியில்லை என்று கையை விரித்துவிட்டார். எங்களுக்கு வேலை போகிறது என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மதியம் 3.10. திவால் நிர்வாகிகள் அனுப்பிய ஆலிவர் என்ற இளைஞன் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினான்.

"ஒரு கடையில இருபது பேருக்குக் குறையாம வேலை போனா, முன்னாடியே கூப்பிட்டுப் பேசணும். பேசலைன்னா தொண்ணூறு நாள் சம்பளம் வரைக்கும் கேக்கலாம். ஆனா நீங்க பத்தொன்பது பேர்தான். அதனால..."

"அதனால?" என்றார் நெவில். சரக்கறையில் வேலை, தொழிற்சங்கப் பொறுப்பும் அவர்தான்.

"ஒண்ணும் கிடையாதுங்க."

"பிரெஸ்டன் கிளையில?"

"அங்க நாப்பது பேர். அவங்க கேக்கலாம்."

"ஆக, ஒரு ஆள் குறைஞ்சா உங்க தப்பு தப்பில்லன்னு ஆயிடுது. ரொம்ப சௌகரியமா இருக்கே, தம்பி."

ஆலிவர் என்னைப் பார்த்தான். "கடைச் சாவியைக் குடுத்துடுங்க, மேடம்."

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

அந்தச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எங்களில் யாரும் இல்லை. எனக்கு மூன்று மாத வாடகை பாக்கி. ஆனால் அதைவிட, ஒரே ஒரு தடவையாவது அந்த ஆட்கள் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

3.50. வெளியே இருட்டிவிட்டது. டிசம்பரில் எங்கள் ஊரில் அப்படித்தான். கடைசி வாடிக்கையாளர் போய்விட்டார். அலமாரிகளையும் விற்றுவிட்டதால் தளம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது.

4.05. சரக்கறைப் பக்கம் மணிச் சத்தம்.

டிங்.

சரக்கு லிஃப்ட் வந்து நிற்கும்போது அடிக்கும் மணி.

"நெவில், லிஃப்ட்ல யாரு?"

"யாரும் இல்ல கண்ணு. காலையிலயே அதுக்குக் கரண்டைப் பிடுங்கிட்டாங்களே."

4.20. எரிந்த அட்டைப்பெட்டி வாசனை. எல்லோருக்கும் வந்தது. தேடினோம். எங்கும் புகை இல்லை.

4.42. தீ எச்சரிக்கை மணி அலறியது.

ஆலிவர் தலை தூக்கிப் பார்த்தான். "அது அடிக்காதே... நேத்தே ஒயரை வெட்டியாச்சே..."

எதற்கு அடித்தாலும் வெளியேறித்தான் ஆக வேண்டும். பின்பக்கம் கார்கள் நிறுத்தும் இடத்தில் வரிசையாக நின்றோம். எங்கள் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. கடல்காற்றில் பெயர் கூப்பிட்டால் காதில் விழாது. அதனால் வரிசையில் நின்று ஒவ்வொருவரும் தன் எண்ணைக் கத்த வேண்டும். எண்ணிக்கையைத் தாளில் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அன்று பொறுப்பாளர் ஆலிவர்.

"ஒண்ணு" என்றேன் நான்.

"ரெண்டு." "மூணு."

போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நெவில்.

"பத்தொம்போது."

அதற்குப் பிறகு...

"இருபது."

பெண் குரல். சின்னப் பெண்.

எல்லோரும் நெவில் பக்கம் திரும்பினோம்.

"யாருடி விளையாடுறது?" என்றேன்.

"மறுபடி எண்ணுவோம்" என்றார் நெவில். அவர் குரலில் கேலி இல்லை.

மறுபடி எண்ணினோம். ஒன்று... இரண்டு... பத்தொன்பது...

"இருபது."

நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்தேன். ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். என்னையும் சேர்த்துப் பத்தொன்பது.

நெவிலுக்குப் பக்கத்தில் வெறும் சுவர்.

அங்கே மட்டும் காற்று இல்லை.

எரிந்த அட்டை வாசனை...

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடவில்லை. ஏற்கெனவே எல்லாவற்றையும் எங்களிடமிருந்து பிடுங்கியாயிற்று. இதற்கு மேல் எதற்குப் பயப்படுவது? விளக்கு வெளிச்சத்தைச் சுவரில் அடித்தபடி கத்தினேன்.

"இன்னொரு தடவை. சத்தமா."

ஒன்று...

இரண்டு...

பத்தொன்பது...

"இருபது."

மணி நின்றது.

4.51.

ஆலிவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டிவிட்டுக் காருக்கு ஓடினான். சாவியைக் கேட்கவே இல்லை.

தாளைப் பார்த்தேன்.

வெளியேறிய ஊழியர்கள்: 20.

நெவில் அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அவங்க ஆளே எழுதி, அவங்க ஆளே கையெழுத்துப் போட்டிருக்கான். கேட்டுப் பார்ப்போம்."

கேட்டோம். மார்ச் மாதம் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் எங்கள் வழக்கு எடுக்கப்பட்டது. அதற்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்த இருபதைப் பற்றிச் செய்தி வந்து, டோரீன் என்று ஒரு பெண்மணி நெவிலைத் தேடி வந்திருந்தார். கையில் ஒரு பழைய தாளின் நகல். விசாரணை அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி வக்கீல் அலட்சியமாக எழுந்தார். "அந்த இருபது ஒரு தப்பு. இருட்டுல எண்ணும்போது ஒண்ணு கூடிப்போச்சு."

நெவில் எழுந்தார். "சரிங்க. அப்போ உங்க கம்பெனி ஆள் எண்ணி எழுதுற தாள்ல தப்பு வரும்னு ஒத்துக்கிறீங்க?"

"வரலாம்."

"அப்போ இதையும் பாருங்க."

நாற்பது வருடத்துக்கு முந்தைய தாள். அதே பேரோ கிளை. சரக்கறையில் தீ. அன்று வேலைக்கு வந்தவர்கள் இருபது பேர். வாசலில் எண்ணியபோது பத்தொன்பதோடு குரல் நின்றுவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. மேலாளருக்கு அவசரம். தாளில் இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று தீயணைப்புக்காரர்கள் உள்ளே தேடவில்லை. மறுநாள் காலையில்தான் சரக்கு லிஃப்டைத் திறந்தார்கள். உள்ளே டோரீனின் தங்கை மேவிஸ். வயது பதினெட்டு. வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்.

அவள் வெளியே வந்ததற்குத் தாள் சாட்சி, அவளாகத்தான் திரும்ப உள்ளே போனாள் என்று கம்பெனி சாதித்துவிட்டது. தாளில் தப்பு இருக்கலாம் என்று அன்று கம்பெனி சொல்லவே இல்லை.

"எந்த இருபது தப்பு, ஐயா?" என்று கேட்டார் நெவில். "இதுவா, அதுவா? தாள்ல தப்பே வராதுன்னா எங்க இருபதும் நிஜம், வரும்னா மேவிஸ் வெளிய வந்தாங்கிறது பொய்."

வக்கீல் இடைவேளை கேட்டார். மதியம் 2.15க்குத் திரும்பி வந்து, எங்கள் பத்தொன்பது பேருக்கும் சேர வேண்டியதைக் கொடுக்கச் சம்மதம் என்றார். நெவில் உட்காரவில்லை. டோரீன் அம்மாவுக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்றார். மாலைக்குள் அதுவும் வந்தது. அன்றைய தாள் பொய் என்று ஒரே ஒரு வரி. டோரீன் அதை வாங்கிப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

வெளியே படிக்கட்டில் ஆலிவர் நின்றிருந்தான். அந்த வேலையை விட்டுவிட்டானாம்.

"ஏன் தம்பி இருபதுன்னு எழுதின?" என்று கேட்டேன். "அந்தக் குரலைக் கேட்டுப் பயந்துட்டியா?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"எந்தக் குரல், மேடம்? காத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் தலையைத்தான் எண்ணினேன்."

"தலையையா?"

"இருபது பேர் நின்னீங்க. நெவில் பக்கத்துல ஒரு பொண்ணு, மூஞ்செல்லாம் கரி. பத்தொம்போதுன்னு எழுதப் போனேன்... வரிசையை விட்டு வந்து என் பக்கத்துல நின்னா. நான் இருபதுன்னு எழுதி முடிக்கிற வரைக்கும் என் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தா."